அத்திக்கடவுத் தண்ணி வந்த குளத்துல பவானி ஆத்து மீனை விடலாமுங்களா?

வேலங்காட்டுக் குளம்:

வணக்கமுங்க. அவிநாசிக்கு வடக்கால எங்க ஊர்க் குளம், சுமார் 12 ஏக்கர். பல வருசமா வெறும் வேலங்காடாத்தான் கெடந்துச்சு. அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக் குழாய்த் தண்ணி வந்து இப்ப மதகுகிட்ட ஏழடி நிக்குது, மேற்குக் கரையோரம் முழங்கால் தண்ணி. டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பு) 610, பிஹெச் 8.4. கருவேல மரமெல்லாம் தண்ணிக்குள்ளயே நிக்குது.

அடுத்த மாசம் மீன்பாசிக் குத்தகை ஏலம். ஊருக்குள்ள மூணு பேச்சு. வழக்கம்போல கட்லா, ரோகு விட்டுக் காசாக்கலாங்கறது பெரியவங்க. ஒருத்தர் ஆப்பிரிக்கன் கெளுத்திக் குஞ்சு சல்லிசாக் கெடைக்குது, எந்தத் தண்ணியிலயும் வளரும்னு சொல்றாரு. பசங்க பக்கம் வேற: "தண்ணியே பவானித் தண்ணி, அப்ப பவானியில அழிஞ்சுட்டு வர்ற மகசீர், கோழிமீன், வெண்கெண்டை இதையெல்லாம் கொண்டாந்து விட்டுக் காப்பாத்தலாம்"ங்கறாங்க.

பசங்க சொல்றதுதான் எனக்கும் மனசுக்குப் புடிச்சிருக்குது. ஆனாச் சரியான்னு தெரியலீங்க. சரின்னா எங்க குஞ்சு வாங்கறது, எத்தனை விடறது? சரியில்லைன்னா என்ன பண்ணோணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மோயாற்று மடு:

பசங்களின் எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் அந்த மூன்றையும் குளத்தில் விட வேண்டாம். ஆற்று மீனுக்குக் குளம் வீடல்ல.

மகசீரை எடுத்துக்கொள்ளுங்கள். காவிரிக்கே உரிய கூனல் மகசீர், டோர் ரேமாதேவி, இன்று உலக அளவில் 'மிக ஆபத்தான நிலை' என்று பட்டியலிடப்பட்ட மீன். இதில் வேடிக்கை என்னவென்றால், 1946-ல் கபினி ஆற்றில் தூண்டிலில் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ எடையில் பிடிபட்ட மீனுக்குச் சரியான அறிவியல் பெயர் எது என்பதே 2018-ல்தான் தெளிவானது. அந்தப் பெயர் 2007-ல் பாம்பாற்று மீனுக்கு வைக்கப்பட்டது. பாம்பாறு நம் அமராவதி அணைக்கு வரும் ஆறு. மீதமிருக்கும் முக்கியமான இருப்பிடங்களில் இன்னொன்று மோயாறு. அது பவானிசாகரில் வந்து சேர்கிறது. ஆக, இந்த மீனின் கதை முடிவதும் தொடர்வதும் பெரும்பாலும் கொங்கு நாட்டு ஓரத்து மலையாறுகளில்தான்.

அது முட்டையிட ஓடும் தண்ணீர் வேண்டும், கூழாங்கல் படுகை வேண்டும், உயிர்வளி நிறைந்த குளிர்ந்த நீர் வேண்டும். முட்டை கல்லிடுக்கில் கிடந்து பொரிக்கும். குளத்துச் சேற்றில் அந்த முட்டை விழுந்தால் மூச்சுமுட்டிப் பூஞ்சை பிடித்துச் சாகும். பெரிய மீன் சில வருடம் உயிரோடு இருக்கலாம், பெருகாது. நீங்கள் காப்பாற்றியதாக நினைப்பீர்கள். உண்மையில் ஆற்றிலிருந்து அத்தனை தாய்மீனைக் கழித்திருப்பீர்கள்.

"ஆற்றிலிருந்து பிடிக்க மாட்டோம், பண்ணையில் பொரித்த மகசீர்க் குஞ்சு வாங்கி விடுவோம்" என்றால் அது இன்னும் ஆபத்து. பண்ணைகளில் கிடைப்பது பெரும்பாலும் நீலத்துடுப்பு மகசீர், டோர் குத்ரி. மகாராஷ்டிரத்து லோனாவாலாவில் பொரித்த இந்தக் குஞ்சுகளை 1970-களிலிருந்து காவிரியில் விட்டார்கள். மீன்வளம் பெருகட்டும் என்ற நோக்கம்தான். குத்ரி பெருகியது, கூனல் மகசீர் சுருங்கியது. ஒரு காலத்தில் 'அழியும் நிலை'ப் பட்டியலில் இருந்த குத்ரியை இப்போது 'கவலை குறைவு' என்று மாற்றிவிட்டார்கள். அது இடம்பிடித்த ஆற்றின் சொந்தக்காரன் 'மிக ஆபத்தான' நிலையில் கிடக்கிறான். உங்கள் குளம் நிரம்பிக் கலிங்கு வழிந்தால் அந்தக் குஞ்சு பள்ளத்தில் இறங்கும், பள்ளம் நொய்யலுக்கோ பவானிக்கோ போகும், இரண்டும் காவிரிக்கு.

கோழிமீன், அதாவது ஹிப்செலோபார்பஸ் டூபியஸ்: 1867-ல் பிரான்சிஸ் டே அதை விவரித்ததே நீலகிரி அடிவாரத்துப் பவானியில் கிடைத்த மீனை வைத்துத்தான். அழியும் நிலையில் இருக்கிறது. இதுவும் வெள்ளத்தை எதிர்த்து ஏறி முட்டையிடும் சாதி. வெண்கெண்டையும் (சிர்ரைனஸ் சிர்ரோசஸ்) அப்படியே. அது 'பாதிப்புக்குள்ளாகும் நிலை'. முதுகுத் துடுப்பில் நூல் நூலாக இழை நீளும் அருலியஸ் கெண்டையைக் கண்ணாடித் தொட்டிக்காரர்கள் தேடுவார்கள். அதுவும் அழியும் நிலை, அதுவும் ஓடைமீன்.

இவற்றுக்கு உதவ வேண்டுமானால் வேலை குளத்தில் இல்லை, தடுப்பணைக்குக் கீழே இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பவானியில் புதுவெள்ளம் வரும்போது கெண்டைகள் ஏறி வந்து, கொடிவேரி போன்ற அணைக்கட்டின் அடியில் மேலே போக வழியில்லாமல் கூட்டமாக நிற்கும். வயிறு நிறைய முட்டையோடு நிற்கும் அந்த நேரத்தில்தான் வீச்சு வலை அதிகம் விழுகிறது. அணைக்குக் கீழே அரைக் கிலோமீட்டர் தூரத்தை அந்த மூன்று மாதம் மட்டும் மீன்பிடிக்காத இடமாக அறிவிக்க வைத்தால், ஆயிரம் குஞ்சு விடுவதைவிடப் பலன் அதிகம். உயரம் குறைந்த தடுப்பணைகளில் ஓரமாகக் கல் பரப்பிய சரிவுத் தடம் ஒன்று போடலாம். ஒரு மீட்டர் உயரத்துக்கு 20 மீட்டர் நீளமாவது வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் கெண்டை பாதியில் களைத்துத் திரும்பிவிடும். சரிவில் பெரிய கற்களை நட்டு, அவற்றின் பின்னால் மீன் நின்று மூச்சுவாங்க இடம் விட வேண்டும். வழவழவென்று சிமென்ட் பூசிவிட்டால் அது மீனுக்குத் தடமல்ல, சறுக்குமரம்.

மீன் பிடிக்க வெடித் தோட்டா போடுவதும் பிளீச்சிங் பவுடர் கொட்டுவதும் 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். மோயாறு ஓடும் முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகப் பகுதிகளில் வலையோடு இறங்குவதே குற்றம்.

வலைக்கண்ணு:

மடு அண்ணன் சொன்னது முழுக்கச் சரிங்க. ஆனா குளத்துல ஒண்ணுமே பண்ண முடியாதுன்னு தம்பி நெனச்சுக்க வேண்டாம். குளத்து மீனுன்னே தனிக் கூட்டம் இருக்குது: அயிரை, உளுவை, ஆரா, குறவை, விரால், தேளி, நாட்டுக் கெளுத்தி, பொடிக்கெண்டை வகை. இதுல பலது பட்டியல்ல 'கவலை குறைவு'ன்னுதான் இருக்கும். பட்டியல் ஒலகத்துக்கு, குளம் ஊருக்கு. உங்க சுத்துவட்டாரத்துல அயிரையைப் பார்த்து எத்தனை வருசமாச்சுன்னு விசாரிச்சுப் பாருங்க, தெரியும்.

முதல் வேலை மீன் விடறது இல்லை, என்ன வந்திருக்குதுன்னு பாக்கறது. இந்தத் திட்டத்துல தண்ணி எடுக்கறது காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழ. ஆறு நீரேற்று நிலையம் தாண்டி, 1,045 குளம் குட்டைக்குப் பிரியுது. பெரிய மீனு பம்புல தப்பாது. பொடிக்குஞ்சும் முட்டையும் தப்பி வரலாம். குழாய் வாயில ரெண்டு மில்லிமீட்டர் கண்ணு இருக்கற மீன்குஞ்சு வலையைப் பத்தடி நீளத்துக்குச் சட்டைக்கை மாதிரித் தைச்சுக் கட்டுங்க, நுனியைக் கயித்துல முடிஞ்சு வைங்க. விடியக்காலம் முடிச்சை அவுத்து ஒரு வெள்ளை வட்டல்ல கொட்டிப் பாருங்க. நாள் முழுக்க விடாதீங்க. பாசி அடைச்சுதுன்னா வலை கிழியும். ஒரு மணி நேரம் போதும், பத்து நாள் பாருங்க. அதோட கரையோரத்துல கொசுவலையை ரெண்டு பேர் புடிச்சு இருபதடி இழுங்க, எட்டு இடத்துல. என்ன மீனு, எத்தனைன்னு நோட்டுல எழுதி, படம் புடிச்சு வைங்க. இந்தக் கணக்கு இல்லாம மீனு விட்டா, நாளைக்கு எது நாம விட்டது எது தானா வந்ததுன்னே தெரியாது.

ரெண்டாவது, அவசரப்படாதீங்க. வேல மரம், புல்லு எல்லாம் புதுசா முங்கியிருக்குது. அது அழுகறப்ப தண்ணியில இருக்கற காத்தைத் தின்னுடும். பகல்ல பார்த்தா நல்லாருக்கும்; சாமம் தாண்டி விடியறதுக்குள்ளதான் வெனை. மீன் தண்ணி சோதிக்கற சொட்டு மருந்துக் கிட் வாங்கிக் காலை அஞ்சரைக்கு ஆக்சிஜன் பாருங்க. லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்கு மேல பத்து நாள் தொடர்ந்து நின்னாத்தான் குஞ்சு விடோணும். மூணுக்குக் கீழ போனா மீனு மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடும். மரத்தையெல்லாம் வெட்டி எடுத்துப்போடறேன்னு கெளம்பீராதீங்க. முள்ளு இருக்கற எடத்துல வலை போட முடியாது, அதான் குஞ்சுக்குக் காவல். மதகுப் பக்கம் மட்டும் தடம் பண்ணிட்டு மீதியை விட்டுருங்க.

குஞ்சு எங்க கெடைக்கும்? நாட்டுப் பொடிமீனுக்குப் பண்ணை தேட வேண்டாம். கீழ்பவானி வாய்க்கால் இருக்குதே. ஆகஸ்ட் 15 வாக்குல தொறந்து, டிசம்பர்ல முதல் போகத்துத் தண்ணியை நிறுத்துவாங்க. நிறுத்துன ரெண்டு வாரத்துல வாய்க்கால் குழியில, பாலத்தடியில தேங்கின தண்ணியில அயிரையும் பொடிக்கெண்டையும் ஆராவும் மாட்டிட்டுக் கெடக்கும். கொக்குக்குப் போகும், இல்லீனாக் காஞ்சு போகும். எப்படியும் சாகப்போற மீனு, அதே ஆத்து மீனு. நீர்வளத்துறைக்காரங்ககிட்டயும் மீன்வளத்துறை உதவி இயக்குநர் ஆபீஸ்லயும் எழுதிக் குடுத்துட்டு எடுங்க. வனத்துக்குள்ள போற ஓடையில கை வெக்காதீங்க.

எடுக்கற முறை: வெயிலுக்கு முன்னால, ஆறு மணிக்குள்ள. கை நனைச்சுட்டுத்தான் மீனைத் தொடோணும்; வறட்டுக் கையில தொட்டா மேல இருக்கற வழுவழுப்பு உரிஞ்சு, நாலு நாள்ல பூஞ்சை வரும். 50 லிட்டர் ட்ரம்முல 30 லிட்டர் அதே குழித் தண்ணி, கசடு இல்லாம மேலாக மோந்தது. கல்லுப்பு லிட்டருக்கு 3 கிராம், ஆக 90 கிராம். பேட்டரியில ஓடற காத்துப் பம்பு ஒண்ணு. இந்த அளவுக்கு மீனு 600 கிராமுக்கு மேல போகக் கூடாது, பொடிமீனுன்னா நூறு நூத்தியிருபது வரும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஊர் சேரோணும். பாலிதீன் பையில ஆக்சிஜன் புடிச்சுக் கொண்டாறதுன்னா ஒரு பங்கு தண்ணி, ரெண்டு பங்கு காத்து. ஆனாக் கெளுத்தியைப் பையில போடாதீங்க. முள்ளு குத்தி வழியிலயே பை சப்பையாயிரும். விரால், குறவை, தேளி மூணும் மேல வந்து மூச்சு வாங்கற சாதி. தண்ணி கொஞ்சமா இருந்தாப் போதும், மூடி வேணும், இல்லீனா வண்டியில குதிச்சுரும். அதுகளைப் பொடிமீனோட ஒரே ட்ரம்முல போட்டா ஊர் சேரும்போது ட்ரம்முல விரால் மட்டுந்தான் இருக்கும்.

ஒவ்வொரு வகையிலயும் அம்பது நூறாவது இருக்கோணும், அதும் ஒரே குழியில இருந்து எடுக்காம நாலஞ்சு குழியில இருந்து. ஒரே குழி மீனு ஒரே வீட்டுப் பிள்ளைக மாதிரி.

இதுல ஒரு சிக்கல் இருக்குது. தண்ணி நிறுத்தற டிசம்பர், ஜனவரிதான் மீனுக்குப் புண் நோவு வர்ற காலம். தண்ணி குளுந்தா அஃபனோமைசஸ்ங்கற பூஞ்சை செவப்புப் புண்ணாத் தின்னுட்டுப் போகும். விராலும் பொடிக்கெண்டையும்தான் முதல்ல விழும். அதனால நேராக் குளத்துல கொட்டாதீங்க. 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்துல ஹாப்பா வலைக் கூண்டை சிமென்ட் தொட்டியிலயோ ஒதுக்கமான ஒரு குட்டையிலயோ கட்டிப் பத்து நாள் வெச்சுப் பாருங்க, மேல மூடி கட்டி. செவப்புப் புள்ளி, நங்கூரப் புழு, மீன் பேன் எது கண்டாலும் அந்த ஹாப்பா மீனு முழுசையும் நிறுத்துங்க. முதல் நாள் உப்புக் குளியல் குடுக்கலாம்: லிட்டருக்கு 20 கிராம், மூணு நிமிசம். செதில் இல்லாத கெளுத்தி, தேளிக்கும் அயிரைக்கும் பாதி அளவு. மீனு சாஞ்சுதுன்னா நிமிசம் எண்ணிட்டு நிக்காம உடனே எடுத்துருங்க. சுண்ணாம்பு போடச் சொல்லி யாராச்சும் சொல்லுவாங்க. உங்க பிஹெச் 8.4, அதுக்கு மேல சுண்ணாம்பு வேண்டாம்.

குத்தகைக் கணக்கு:

இருவரும் சொன்னது சரி, ஆனால் ஏலம் என்ற ஒன்று நடக்கப்போகிறது, அதை யாரும் பேசவில்லை. வருமானம் இல்லாத குளத்துக்கு ஊரில் காவல் நிற்காது. கட்லா, ரோகு காவிரிக்கு வெளியூர் மீன்தான். ஆனால் குளத்துத் தேங்கு நீரில் அவை முட்டையிடுவதில்லை, ஆண்டுக்காண்டு விட்டால்தான் உண்டு. எனவே நாட்டு மீனுக்கு இவற்றால் வரும் கேடு குறைவு. கேடு வருவது மற்ற மூன்றால்:

மிர்கால் வேண்டாம். வெண்கெண்டைக்கு நெருங்கிய உறவு, அடிமட்டத்தில் அதே தீனி. சாதாக் கெண்டை வேண்டவே வேண்டாம். சேற்றைக் கிளறிக் கிளறித் தண்ணீரைக் கலக்கும், பாசியை வேரோடு பிடுங்கும், குளத்திலேயே பெருகவும் செய்யும். புல் கெண்டை நாட்டு மீன் முட்டை ஒட்டவைக்கும் வேலம்பாசியையே தின்று தீர்க்கும்.

12 ஏக்கருக்குத் தீனி போடாத வளர்ப்பு என்றால் 8,000 முதல் 10,000 குஞ்சு, 8–10 செ.மீ. அளவில். கட்லா நான்கு பங்கு, ரோகு ஆறு பங்கு. விரலளவுக்குக் கீழே வாங்கினால் பாதி விராலுக்குப் போகும்.

ஏலம் விடும்போதே நிபந்தனையில் எழுதுங்கள். பிறகு பேசினால் ஓரியாட்டம்தான் மிஞ்சும். எழுத வேண்டியவை: வலைக்கண் இரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது, மேற்கு ஓரத்து ஆழமில்லாத பகுதியில், கம்பம் நட்டு எல்லை காட்டிய இரண்டு ஏக்கரில், எந்த வலையும் இறங்கக் கூடாது, தண்ணீரை வற்றவிட்டோ இறைத்தோ பிடிக்கக் கூடாது, கோழிக்கழிவு, ஆலைக்கழிவு தீனியாகப் போடக் கூடாது, சிவந்த விரால் குஞ்சுக் கூட்டம் மிதக்கும் இடத்தில் தாய்மீனைப் பிடிக்கக் கூடாது. கடைசியது முக்கியம். தாயும் தகப்பனும் காவல் நிற்கும்வரைதான் அந்தக் கூட்டம் பிழைக்கும். சோடியைத் தூக்கிவிட்டால் ஒரே நாளில் மற்ற மீன்கள் காலி செய்துவிடும்.

ஆப்பிரிக்கன் கெளுத்தி பற்றி: மத்திய அரசு 2000-லேயே தடை செய்தது. வளர்த்தால் குழியோடு மூடி அழிக்க அதிகாரிகள் வருவார்கள். அது இல்லையென்றாலும், மழை இரவில் ஈரத்தரையில் நெளிந்தே அடுத்த குட்டைக்குப் போகும் மீன் அது. ஒருமுறை விட்டால் திரும்ப எடுக்கவே முடியாது. குத்தகைதாரர் அதை விட்டால் குத்தகை ரத்து, முன்பணம் பறிமுதல் என்று எழுதுங்கள்.

வேலங்காட்டுக் குளம்:

எல்லாருக்கும் நன்றிங்க. நீங்க சொன்ன மாதிரி கொசுவலை இழுத்துப் பார்த்தோம். எட்டு இடத்துல கெடைச்சது: ஜிலேபிக் கெண்டை 74 (பெருசு 6, மீதி விரல் நீளம்), கொசு திங்கறதுக்கு விடுவாங்களே அந்தக் கம்பூசியா 200-க்கு மேல, பொடிக்கெண்டை 11, குறவை 2. அயிரை ஒண்ணும் இல்லை. விடியக்கால ஆக்சிஜன் 3.2.

ஜிலேபி முன்னாலேயே வந்துருச்சு. அதை என்ன பண்றது? பிளீச்சிங் போட்டு ஒருக்கா சுத்தம் பண்ணிட்டு ஆரம்பிக்கலாமான்னு ஒருத்தர் கேக்கறாரு.

வலைக்கண்ணு:

பிளீச்சிங் பேச்சை இத்தோட விட்டுருங்க. ஏழடித் தண்ணியில 12 ஏக்கருக்கு எத்தனை மூட்டை ஆகும்னு கணக்குப் போட்டாலே போதும். பொடிக்கெண்டையும் குறவையும் சாகும், நத்தை, தவளைக் குஞ்சு எல்லாம் சாகும். குழாய்ல அடுத்த வாரமே ஜிலேபி திரும்ப வரும்.

1952-ல இந்தியாவுக்குக் கொண்டாந்த மீனு அது. ஒழிக்க முடியாது, ஒடுக்கலாம். பொட்டை மீனு முட்டையை வாய்க்குள்ள வெச்சுக் காப்பாத்தும், அதான் அதோட பலம். அதுவே நமக்குப் புடியும் குடுக்கும். கடா மீனு முழங்கால் தண்ணியில வட்டமா, ஒரு சாணுல இருந்து ரெண்டு சாண் அகலத்துக்குக் கிண்ணம் மாதிரிக் குழி தோண்டும். தண்ணி தெளிஞ்ச நாள்ல கரையில நடந்தா வரிசையாத் தெரியும். வாரம் ரெண்டு நாள், வெயில் ஏறினதும், அந்தக் குழிக மேல வீச்சு வலை. புடிச்சதைத் தண்ணிக்குள்ள வெச்சுப் பொறுக்காதீங்க. பயந்ததும் வாயில இருக்கற குஞ்சைத் துப்பீரும், அதுக நீந்திப் போயிரும். வலையோட கரைக்கு இழுத்து, மேட்டுல மழைக்காயிதம் விரிச்சு அதுமேல கொட்டுங்க. சின்னதுன்னு திரும்ப விட்டுறாதீங்க, வாய்க்கால்லயும் போட்டுறாதீங்க. ஊருக்குள்ள கொழம்புக்குக் குடுத்துருங்க, மிஞ்சினாக் கோழிக்கு.

ஆக்சிஜன் நாலுக்கு மேல வந்ததுக்கப்பறம் விரால் குஞ்சு, நாலஞ்சு அங்குலத்துல, ஏக்கருக்கு நூத்துக்குள்ள விடுங்க. எல்லாம் ஒரே அளவா இருக்கோணும், இல்லீனா ஒண்ணை ஒண்ணு தின்னுரும். ஜிலேபிக் குஞ்சை அது பாத்துக்கும். விரால் விட்டு ஆறு மாசம் கழிச்சு, கொசுவலையில வர்ற ஜிலேபிக் கணக்கு குறையறதைப் பார்த்துட்டு, அப்பறந்தான் அயிரை. முன்னாலேயே விட்டா ரெண்டு பக்கத்துலயும் அடி வாங்கும்.

3.2-க்கு இப்போதைக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம். குஞ்சு விடாம இருந்தாச் சரி.

கோரைப்புல்:

கம்பூசியாவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஜிலேபியைவிட எனக்கு அதுதான் பயம். 1928-ல் கொசுப்புழுவுக்காக இந்தியாவுக்கு வந்தது. கொசுப்புழுவை மட்டும் தின்னும் என்று யார் அதற்குச் சொல்வது? நாட்டு மீனின் பொடிக்குஞ்சு, தவளைக் குஞ்சு எல்லாம் தின்னும், மற்ற மீனின் வாலைக் கடிக்கும். குட்டி போடும் மீன், முட்டைக்கு இடம் தேடும் கவலையும் இல்லை. காலையில் வெயில் படும் ஓரத்தில் அரையடித் தண்ணீரில் கூட்டமாக வரும். கொசுவலையால் அப்போது வழித்தெடுங்கள். அந்த எட்டு இடத்திலேயே மறுபடி மறுபடி இழுத்து எண்ணிக்கை எழுதினால் போதும், குறைகிறதா என்று தெரியும். வலையில் வரும் பொடிக்கெண்டையைப் பொறுக்கித் திரும்ப விட வெள்ளை வட்டலில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

கொசு பயத்தில் ஊரே எதிர்க்கும், அதற்கு மாற்று கைவசம் வேண்டும். நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்ததுபோல் மின்னும் நம்மூர்ச் சிறுமீன், அப்ளோகெய்லஸ், தண்ணீரின் மேல்மட்டத்திலேயே சுற்றும், கொசுப்புழுதான் அதற்குப் பிடித்த தீனி. புல் அடர்ந்த வாய்க்கால் ஓரங்களில் கிடைக்கும். நூறு இருநூறு போதும், கோரையும் ஆம்பலும் இருந்தால் தானாகப் பெருகும்.

அந்தக் கோரைதான் என் இரண்டாவது பேச்சு. 'குளம் அழகு' என்று சுற்றிலும் கல் பதித்து நடைபாதை போட அடுத்த வருடம் கட்டாயம் யாராவது திட்டத்தோடு வருவார்கள். மேற்குக் கரையை மட்டும் மண் கரையாகவே விடச் சொல்லுங்கள். பொடிக்கெண்டை முட்டையை ஒட்டவைப்பது வேலம்பாசியிலும் புல் வேரிலும். கல் கரையில் ஒட்டாது. அயிரைக்கு மணல் கலந்த அடி வேண்டும். தண்ணீர் விழும் இடத்தில் இரண்டு டிராக்டர் ஆற்று மணல் பரப்பினால் அதுவே போதும். ஆகாயத்தாமரை ஒரு கொத்து வந்தாலும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, கண்ணாடித் தொட்டி மீன். வீட்டில் வளர்க்க முடியாமல் போனதும் 'பாவம்' என்று குளத்தில் விடுவார்கள். டேங்க் கிளீனர் என்று விற்கும் அந்தக் கவச மீன் கரையில் வளை தோண்டும். ஊர்க்காரர்களிடம் நாட்டு மீன் கதையைவிட "கரை உடையும்" என்று சொன்னால் உடனே காதில் ஏறும். பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

மோயாற்று மடு:

கோடை பற்றி ஒன்று. உபரி நீர் வந்தால்தான் இந்தத் திட்டத்துக்குத் தண்ணீர். எழுபது நாள், நொடிக்கு 250 கன அடி என்று வகுத்தது. மழை பொய்த்தால் அதுவும் இல்லை. குளம் வற்றும் என்று வைத்தே திட்டமிடுங்கள். வற்றும்போது, மதகிலிருந்து தள்ளி, 10 மீட்டருக்கு 10 மீட்டர், குளத்து அடிமட்டத்திலிருந்து 2 மீட்டர் ஆழத்தில் ஒரு மடு தோண்டுங்கள், ஒரு பக்கம் சரிவாக. கடைசித் தண்ணீரில் மீன் அங்கே ஒதுங்கும். வண்டலை முழுக்க வழித்தெடுத்துச் சுத்தம் செய்யாதீர்கள்; விராலும் தேளியும் ஈரச் சேற்றில் புதைந்துதான் மழை வரும்வரை தாக்குப்பிடிக்கும். மேலே முள் போட்டு மூடுங்கள், கொக்குக்கும் ஆளுக்கும் அதுவே வேலி.

காவலுக்கு ஆள் போட ஊரில் பணம் இருக்காது. கொல்லிமலை அறப்பளீசுவரர் கோயில் ஓடையில் மீனை யாரும் தொடுவதில்லை. அறுத்த மீனைப் பொருத்தி ஓடவிட்ட சாமி என்பதால். உங்கள் குளத்துக் கரையிலும் ஒரு கன்னிமாரோ கருப்பனோ இருப்பார்களே. மடு அந்தப் பக்கமாக இருக்கட்டும். வனத்துறைப் பலகையைவிட அது நன்றாகக் காக்கும்.

வேலங்காட்டுக் குளம்:

கருப்பராயன் கோயில் மேற்குக் கரையிலதான் இருக்குதுங்க! பசங்ககிட்டப் பேசியாச்சு. மகசீர் யோசனையைக் கைவிட்டுட்டாங்க, கொடிவேரிப் பக்கம் மனு எழுதறோம்னு கெளம்பிட்டாங்க. கடைசியா ஒண்ணு: மதகுக்கும் கலிங்குக்கும் வலை கட்டோணுமா? என்ன கண்ணு?

வலைக்கண்ணு:

கலிங்குக்குக் கட்டாதீங்க. வெள்ளத்துல சருகு அடைச்சுத் தண்ணி ஏறினாக் கரை போயிரும். மதகுக்கு மட்டும் ரெண்டு தட்டு: வெளியால ஒரு அங்குலக் கம்பி வலை, குப்பையைப் புடிக்க, உள்ளால நாலு மில்லிமீட்டர் நைலான். மதகு வாயோட பரப்பைப் போல அஞ்சு மடங்கு வலைப் பரப்பு இருக்கோணும், கூண்டு மாதிரி வளைச்சுக் கட்டுங்க. வாயிலயே தட்டையா அறைஞ்சா இழுப்புல மீனு வலையோட ஒட்டிச் சாகும். தண்ணி விடற நாள்ல காலையும் பொழுதோடவும் ரெண்டு தரம் வழிச்சு விடோணும். அந்த வேலையை யார் பண்றதுன்னும் குத்தகைப் பத்தரத்துலயே எழுதிருங்க.